சுடாத வெயில்

ஒன்பது டிகிரி. காற்று குறுக்கே விழுந்து தள்ளுகிறது.
சதுக்கத்தில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு
யாரோ ரொட்டி வாங்கப் போகிறார்கள்.
இதில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள்.
பள்ளிக்கூட வாசலில்
வெயிலை அளந்து சொல்லும் கம்பத்து விளக்கு
சிவப்பையும் தாண்டி ஊதாவில் நிற்கிறது.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
புந்தா அரேனாஸில்
வெயில் அடித்ததே ராத்திரிதான் தெரியும்,
தலையணையில் காது படும்போது.

போன நவம்பரில் டான்காவின் காது மடல்
கொப்பளித்து நீர் கோத்தது.
மேகம் போட்டிருந்தது. தலையில் கம்பளித் தொப்பி இருந்தது.
தொப்பியை அவள் எப்போது கழற்றினாள், தெரியாது.
ஜலசந்திக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்த ஒதிலியா
தொலைபேசியில் ஒன்றுமே சொல்லவில்லை.
அதுதான் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தெளிப்பான் வாங்கினேன்.
நான் குழந்தைக்குத் தெளித்ததையெல்லாம்
காற்று பக்கத்து வீட்டு வேலிக்குப் பூசியது.
அந்தக் கோடையில் வெளுக்காத வேலி அது ஒன்றுதான்.
அடுத்தது தேங்காய் வாசனை.
கண்ணில் இறங்கி எரிந்தது;
அன்றிலிருந்து குழாயைக் கண்டாலே
டான்கா மேசைக்கு அடியில்.

மருந்துக்கடை யெஸெனியா
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள்.
வாசனை சேர்க்காதது. துத்தநாகம் உள்ளது. ஐம்பது.
"வெள்ளையாய்த் திட்டுத் திட்டாய் நிற்கும்,
அழகு பார்க்காதீங்க.
முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு.
நாளைவரைக்கும் பொறுங்க."

பொறுத்தோம்.
டான்கா அந்தப் பொட்டுக்குப் பெயர் வைத்தாள்.
சிவக்கவில்லை, அரிக்கவில்லை;
பெயர் வைத்துவிட்டதால்
குளிக்க மட்டும் மறுத்தாள்.

இன்று சனிக்கிழமை. மதியப் படகில் ஒதிலியா வருகிறாள்.
இரவு முழுக்க ஆலையில் நண்டு ஓடு உடைத்த கை,
எலுமிச்சை தேய்த்தும் போகாத வாடை.
"வாசனை இல்லாததுன்னு சொன்னியே, நண்டு நாறுதே."
"அது க்ரீம் இல்லடி, நான்."

மூக்குத் தண்டு, மூக்கோரம்,
தாடைக்குக் கீழே சூரியன் வராதென்று நினைக்கிற இடம்
(தண்ணீரிலிருந்து எழும்பி வரும்),
வகிடு, பின்கழுத்து, புறங்கை.
காது. இன்னொரு முறை காது.
ரோஜா மூக்கோடு நாயும் வரிசையில் வந்து உட்கார்ந்தது.
உனக்குக் கிடையாதப்பா, நக்கித் தின்றுவிடுவாய்,
உனக்கு ஆகாது.

ஊறட்டும், இருபது நிமிஷம்
என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன்.

விழித்தபோது படகு வர கால் மணி நேரம்.
குழாய் தரையில், உள்ளிருந்ததெல்லாம் தீர்ந்து,
வாழைப்பழத் தோலைப் போலக் கிடந்தது.
பார்க்க நேரமில்லை. தொப்பி, சட்டை, கதவு,
அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டம்.
பேருந்தில் ஒரு பையன் என்னையே பார்த்தான்.
ஓட்டுநர் சில்லறையைப் பார்க்காமலே கொடுத்தார்.

மேல்தட்டில் அத்தனை பேருக்கு நடுவே
ஒரு கை சட்டென்று உயர்ந்தது.
மற்ற வாரங்களில் துறையில் என்னைத் தேடித்தான் பிடிப்பாள்.

இறங்கியவள் குழந்தையின் தொப்பியைத் தூக்கினாள்.
காது வெள்ளை. கழுத்து வெள்ளை.
அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்:
புருவம் வெள்ளை, கன்னம் வெள்ளை, ஐந்து விரல் தடம்,
மீசையில் ஒரு கரண்டி.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி,
மீசையிலிருந்ததை ஒரே விரலில் வழித்து,
என் காது மடலில் தேய்த்தாள், இரண்டு பக்கமும்,
மெதுவாக.

"இதை விட்டுட்டாளே."